நம்பர் பலகையில் ஓர் எழுத்து

தனுஷ்கோடியில் மோட்டார் வண்டியை நிறுத்திப் போலீஸார் அபராதச் சீட்டுக் கிழிக்கும் காலம் ஒன்று வரும் என்று அந்த ஊரில் வாழ்ந்தவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். அவர்கள் ஊரில் ரயில் இருந்தது, கப்பல் இருந்தது, சுங்க ஆபீஸ் இருந்தது, தபாலாபீஸும் பள்ளிக்கூடமும் கோயிலும் மாதாகோயிலும் இருந்தன. சாலை மட்டும் இல்லை. தனுஷ்கோடி என்ன, ராமேஸ்வரம் தீவுக்கே சாலை கிடையாது. 1988-ல் பாம்பன் சாலைப் பாலத்தைத் திறக்கும் வரையில், மோட்டார் வைத்திருந்த கனவான்கள் மண்டபத்தில் இறங்கி ரயிலேற வேண்டியதுதான். வண்டியும் அக்கரை போயே தீர வேண்டுமென்றால், அதுவும் ரயிலில் ஏறித்தான் போக வேண்டும். சக்கரம் வைத்த வாகனம் இன்னொரு வாகனத்தின் முதுகில் சாமான் மாதிரி உட்கார்ந்து கடலைக் கடப்பது வேடிக்கையான காட்சிதான்.

1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயல் அந்த ஊரை அழித்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் வண்டியைப் பிரயாணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. மனிதர் வசிப்பதற்கு லாயக்கில்லாத இடம் என்று சர்க்கார் கைவிட்ட அந்த மணல் திட்டுக்கு, ஐம்பது வருஷம் கழித்து, 2017-ல், அரிச்சல்முனை வரையில் வழவழப்பான தார்ச்சாலை வந்து சேர்ந்தது. ஊர் இருந்தபோது சாலை இல்லை. சாலை வந்தபோது ஊர் இல்லை.

அந்தச் சாலையில் சமீபத்தில் ஒரு நாள் மதுரை நண்பர் ஒருவருடைய புது மோட்டாரில் போய்க்கொண்டிருந்தேன். வண்டி வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. நிரந்தரமான நம்பர் வரவில்லை, தற்காலிக நம்பர்தான். நண்பர் தமிழ்ப் பற்று மிகுந்தவர். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்க வேண்டும் என்ற விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார். ஆனால் எழுத்துக்களை இங்கிலீஷில் எழுதாமல் அழகான தமிழில் எழுதியிருந்தார். தீவுக்குள் ஓரிடத்தில் ஒரு ஹெட்கான்ஸ்டபிள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏட்டையா, காகிதமெல்லாம் சரியாயிருக்கு. தமிழ்நாட்டிலே தமிழிலே எழுதினா குத்தமா?" என்றார் நண்பர்.

"தமிழ் மேலே எனக்கென்ன சார் விரோதம்? என் பேரே தமிழ்தான். சட்டம் இங்கிலீஷ் எழுத்துன்னு சொல்லுது" என்றார் ஏட்டு.

அவர் சொன்னது நியாயம். பதிவு எழுத்து இங்கிலீஷிலும் எண் சாதாரண எண்ணிலும் இருக்க வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் மோட்டார் விதி. தற்காலிகப் பதிவு என்பதும் நேற்று முளைத்ததல்ல. 1939-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அதற்கு ஒரு பிரிவு உண்டு. ஒரு மாதம் செல்லுபடியாகும், அதற்குள் நிரந்தர நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஏற்பாடு இருந்தது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் வரையில் 'பாப்பா' என்று கூப்பிடுகிறோம் அல்லவா, அது போலத்தான். நண்பர் முணுமுணுத்துக்கொண்டே அபராதத்தைக் கட்டினார். விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

ஐந்து நிமிஷத்தில் முடிந்ததே, அதுதான் என் மனத்தில் பட்டது. ஏனென்றால், நாங்கள் நின்ற அந்த மணலுக்கு நேரே, சுமார் முப்பது கிலோமீட்டர் தண்ணீருக்கு அப்பால், இதே குற்றம், அதாவது மோட்டாரின் நம்பர் பலகையில் தமிழ் எழுத்தை எழுதிய குற்றம், ஐந்து நிமிஷத்தில் முடியவில்லை. அது ஒரு தேசத்தையே இரண்டாகப் பிளக்கும் காரியத்துக்குத் துணை போயிற்று. அந்தக் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மறந்து வருகிறார்கள்.

இலங்கையில் மோட்டார்களுக்கு அதுவரையில் இங்கிலீஷ் எழுத்துக்களில்தான் நம்பர் கொடுத்துவந்தார்கள். சி.எல்., இ.என்., இ.ஒய். என்று, சிலோன் என்ற பெயரில் வரும் எழுத்துக்களையே இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்ட பலகைகள் பல. யாருக்கும் அதில் மனஸ்தாபம் இல்லை. சிங்களவர் வண்டியா, தமிழர் வண்டியா, முஸ்லிம் வண்டியா என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் எழுத்து என்பதால் எல்லோருக்கும் சமமாக அந்நியம்!

1956-ல் தேர்தல் வந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா சிங்களம் ஒன்றே ஆட்சி மொழி என்ற கோஷத்தோடு ஜயித்துப் பிரதம மந்திரியானார். அதே வருஷம் அதற்குச் சட்டமும் செய்தார். அதைக் கண்டித்து ஜூன் 5-ஆம் தேதி கொழும்பில் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் அடித்து விரட்டியது. இந்த விவரங்களையெல்லாம் சரித்திரப் புஸ்தகங்கள் விரிவாகச் சொல்லுகின்றன. புஸ்தகங்களில் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துபோகும் சமாசாரம் அடுத்ததுதான்.

1957 ஜனவரியில் போக்குவரத்து மந்திரி மைத்திரிபால சேனநாயக்காவின் இலாகா ஒரு மாறுதல் செய்தது. இனிமேல் புதிதாகப் பதிவாகும் மோட்டார்களுக்கு இங்கிலீஷ் எழுத்து கிடையாது. அதற்குப் பதில் சிங்கள லிபியில் 'ஸ்ரீ' என்ற ஓரெழுத்து. அதன் இரு பக்கமும் எண்கள். அவ்வளவுதான்.

ஓரெழுத்து! அந்த மந்திரி சபையில் யாரும் இதைப் பெரிய விஷயமாக நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்சி மொழிச் சட்டத்தை மறைத்துக்கொண்டு ஒரு தமிழன் வாழலாம். அது கச்சேரி பைல்களுக்குள்ளே இருக்கிறது. கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் போகாத வரையில் அது கண்ணில் படாது. ஆனால் நம்பர் பலகை அப்படியல்ல. அது தெருவில் ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் சுருட்டு வியாபாரி ஒருவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய வண்டியின் நெற்றியில், தமக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தைத் தாமே ஒட்டிக்கொண்டு, தம்முடைய ஊர்த் தெருவிலேயே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஓட்டாவிட்டால் குற்றம். சட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. வாசலுக்கு என்ன, வண்டி நிற்கும் கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது.

தமிழரசுக் கட்சி இதை எதிர்க்கக் கண்டுபிடித்த வழி சுலபமானது. தமிழர்கள் தங்கள் மோட்டார்களில் தமிழ் 'ஸ்ரீ' எழுத்தைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றது. 1957 ஜனவரியிலேயே இயக்கம் தொடங்கியது. தகரத்துண்டு, அட்டை, ஒரு டப்பா வர்ணம், ஒரு பிரஷ் இருந்தால் போதும். வடக்கிலும் கிழக்கிலும் வண்டிகளில் அவசர அவசரமாகத் தற்காலிகப் பலகைகள் முளைத்தன. 1951-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, விதித்த முறையில் நம்பரைக் காட்டாதது குற்றம். அது விளக்கில்லாமல் சைக்கிள் விடுவதைப் போன்ற சின்னக் குற்றம். அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள். ஆனால் வேண்டுமென்றே பகிரங்கமாகச் செய்யப்படும் சின்னக் குற்றத்தைப் போல் ஒரு சர்க்காருக்குத் தலைவலி வேறெதுவும் இல்லை. காந்திஜி ஒரு பிடி உப்பை அள்ளியபோது இர்வின் பிரபுவுக்கு இருந்த சங்கடம் அதுதானே! (தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல்களில் ஒன்றுக்கு அந்த இர்வின் பெயர்தான் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டேன்.)

இங்கே நம் பக்கத்து வேடிக்கை ஒன்றையும் சொல்லாமலிருக்க முடியாது. 'ஸ்ரீ' யாருடைய எழுத்து? சிங்களத்துக்கும் அது வடமொழியிலிருந்து வந்த சொத்து. தமிழிலும் அது கிரந்த எழுத்து. தொல்காப்பியர் அதை அறியமாட்டார். இதே 1950-களில் தமிழ்நாட்டிலே மேடைதோறும் "ஸ்ரீ வேண்டாம், திரு என்று எழுதுங்கள்" என்று பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. 1967-ல் அண்ணாதுரை முதல் மந்திரியானதும் சர்க்கார் கடிதங்களில் ஸ்ரீயை எடுத்துவிட்டுத் திரு போட உத்தரவிட்டார். இக்கரைத் தமிழன் துரத்திய எழுத்துக்காக அக்கரைத் தமிழன் சிறைக்குப் போனான்! யாழ்ப்பாணத்தில் பலர் இந்தச் சங்கடத்தை உத்தேசித்தோ என்னவோ, 'சிறீ' என்று எழுதினார்கள். அவர்கள் சண்டை எழுத்துக்காக அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். தன் பலகையில் என்ன எழுத வேண்டும் என்று தன்னைக் கேட்கவில்லையே என்பதுதான் அவர்களுக்கு ஆற்றாமை.

பண்டாரநாயக்கா நிலைமை தெரியாதவரல்ல. 1957 ஜூலையில் தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். வடக்கு, கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கும். பிரதேச சபைகள் ஏற்படும். ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்த பெரிய சத்தியாக்கிரகத்தைக் கட்சி கைவிட்டது. இரண்டு பேரும் கையெழுத்திட்ட அந்தக் காகிதம் மட்டும் நிலைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எதிர்க்கட்சிக்காரரான ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒப்பந்தத்தை எதிர்த்து அக்டோபரில் கண்டிக்குப் பாதயாத்திரை கிளம்பினார்; வழியில் அது தடைபட்டது. ஆனாலும் நெருப்பு புகைந்துகொண்டுதான் இருந்தது.

இந்த நிலையில் மறுபடியும் நம்பர் பலகை குறுக்கே வந்தது. 1958 ஜனவரி 1-ஆம் தேதி இலங்கை சர்க்கார் தனியார் பஸ்களை எல்லாம் தேசியமாக்கி, இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஏற்படுத்தியது. மார்ச் மாதக் கடைசியில் சபையின் புது பஸ்கள் வடக்கே வந்தன. பளபளவென்று வர்ணம் அடித்த வண்டிகள்; முன்னும் பின்னும் சிங்கள 'ஸ்ரீ'. சொந்த மோட்டாராவது சிலருக்குத்தான் உண்டு. பஸ் எல்லோருக்கும் பொது. சந்தைக்குப் போகிற கிழவியும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையனும் அதில்தான் ஏற வேண்டும். தமிழரசுக் கட்சியின் பார்லிமெண்ட் மெம்பர்களும் தொண்டர்களும் தார் டப்பாவோடு தெருவில் இறங்கினார்கள். பஸ்ஸை மறித்துச் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதினார்கள். கைதுகளும் தண்டனைகளும் நடந்தன.

தார் டப்பா ஒரு கட்சிக்குச் சொந்தமில்லை. தெற்கே கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் சிங்களக் கும்பல்கள் தமிழ்க் கடைகளின் பெயர்ப்பலகைகளைத் தேடித் தேடித் தார் பூசின. அப்போது கொழும்பில் பத்திரிகாசிரியராக இருந்த சிங்களவர் டார்ஸி விட்டாச்சி, அந்த நாட்களைப் பற்றி 'எமர்ஜென்ஸி 58' என்று ஒரு புஸ்தகம் எழுதினார். 1958-லேயே லண்டனில் வெளியான அதை இலங்கையில் தடை செய்தார்கள். தம் ஜனங்களைப் பற்றித் தாட்சண்யமில்லாமல் எழுத அவருக்கு இருந்த நெஞ்சுரம் நம் பத்திரிகைக்காரர்களில் எத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

தார் பூசும் வித்தையில் நம் தமிழ்நாடும் பின்தங்கியதல்ல. 1950-களின் தொடக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துக்களைத் தார் பூசி அழித்தார்கள். 1953 ஜூலை 15-ல் டால்மியாபுரம் ஸ்டேஷனில் 'கல்லக்குடி' என்று காகிதம் ஒட்டி, கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். அந்தக் கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ச்சேதமும் ஆயிற்று. ஆனால் அங்கே எதிரே நின்றது தொலைதூரத்து டில்லி. இலங்கையிலோ எதிரே நின்றவன் பக்கத்துத் தெருக்காரன். தாரின் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

இதில் தனுஷ்கோடிக்கு என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. தார் பூசும் இயக்கம் யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பரவிற்று. பொகவந்தலாவையில் போலீஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இரண்டு பேர் இறந்தார்கள். இந்தத் தோட்டத் தொழிலாளர்கள் யார்? நம் ராமநாதபுரம், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1914-ல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்த பிறகு, மண்டபம் முகாமில் அம்மைப்பால் குத்திக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறிப் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்களில் பெரும்பாலோருக்கு 1948-லேயே இலங்கை சர்க்கார் பிரஜா உரிமையை மறுத்துவிட்டது. மோட்டார் என்ன, மாட்டு வண்டிகூடச் சொந்தமாக இல்லாத அந்த ஜனங்கள் ஒரு மோட்டார் நம்பர் பலகையின் பேரில் செத்தார்கள்.

ஏப்ரல் 9-ஆம் தேதி காலையில் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் பிரதம மந்திரியின் வீட்டு வாசலில் பிக்ஷுக்கள் ஏராளமாக வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கிழித்தாலன்றிப் போகமாட்டோம் என்றார்கள். அன்றைக்கே பண்டாரநாயக்கா ஒப்பந்தம் ரத்தாகிவிட்டதாக அறிவித்தார்; எழுத்து மூலமாகவும் எழுதிக் கொடுத்தார். தமிழர்கள் பஸ்களுக்குத் தார் பூசியதுதான் இதற்குக் காரணம் என்று அவர் பக்கத்தில் சொன்னார்கள். தார் பூசாதிருந்தால் ஒப்பந்தம் பிழைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அதைக் கொல்ல விரும்பியவர்களுக்கு அந்த டப்பா கையில் அகப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. அந்த பஸ்களைச் சிங்கள எழுத்தோடு அந்தச் சமயத்தில் வடக்கே அனுப்பினார்களே, அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பெயர் வைக்க எனக்கு வார்த்தை அகப்படவில்லை.

மே மாதக் கடைசியில் கலகம் வெடித்தது. வவுனியாவில் நடந்த தமிழரசுக் கட்சி மகாநாட்டுக்குப் போகிறவர்கள் என்று எண்ணி ரயில்களைத் தாக்கினார்கள். பிறகு பொலன்னறுவையிலும் கொழும்பிலும் வீடுகள் எரிந்தன. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். மே 27-ல் கவர்னர் ஜெனரல் சர் ஆலிவர் குணதிலகா நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்தார். கொழும்பிலிருந்த தமிழர்களை அந்த நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகு, அதே வருஷம், தமிழ் மொழிக்குச் சில உரிமைகள் கொடுக்கும் சட்டமும் நிறைவேறியது. அடுத்த வருஷம் செப்டம்பரில், அதே ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில், பிக்ஷு ஒருவர் பண்டாரநாயக்காவைச் சுட்டார். மறுநாள் அவர் இறந்தார்.

இது கீழ்த்திசை ஜனங்களின் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஐரோப்பாவில் கொசோவோ என்று ஒரு சின்ன தேசம். செர்பியா அதைத் தனி தேசமாக ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே கொசோவோ மோட்டார்கள் எல்லைக்கு வந்தால், அவற்றின் நம்பர் பலகையைக் கழற்றித் தற்காலிகப் பலகை மாட்டச் செய்தார்கள் செர்பியர்கள். 2021 செப்டம்பரில் கொசோவோவும் பதிலுக்கு அதையே செய்தது: செர்பிய வண்டிகள் ஐந்து யூரோ கட்டி, அறுபது நாள் செல்லும் தற்காலிகப் பலகை வாங்கிக்கொள்ள வேண்டும். உடனே சாலைகளை மறித்தார்கள். ஆயுதப் போலீஸ் வந்தது. பிறகு, பலகையிலுள்ள தேசச் சின்னத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் போதும் என்று ராஜி செய்துகொண்டார்கள். அதற்கு மறு வருஷம் கொசோவோவிலிருந்த செர்பியப் போலீஸார் நூற்றுக்கணக்கானவர்கள் இதே தகராறில் வேலையை உதறினார்கள். 2024 ஜனவரியில்தான் ஸ்டிக்கர்கள் ஒழிந்தன. பெரிய ராஜதந்திரிகள் கூடிப் பேசிக் கண்ட முடிவு, எழுத்தின் மேல் ஒட்டிய காகிதம்! தார் டப்பாவுக்கு அது தேவலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இலங்கையின் 'ஸ்ரீ' பலகைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? முப்பது வருஷம் போல அது நீடித்தது. எண்கள் தீர்ந்து வந்தன. பிறகு எழுத்தே இல்லாமல் வெறும் எண் பலகைகள் வந்தன. 2000-ஆம் வருஷத்தில் இங்கிலீஷ் எழுத்துக்கள் திரும்பி வந்துவிட்டன. 1957 ஜனவரிக்கு முன்னால் எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படியே. நடுவில் ஒரு பெரிய யுத்தம் நடந்து முடிந்திருந்தது, அல்லது இன்னும் முடியாமலிருந்தது. தனுஷ்கோடி தொலைந்த பின் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980-களின் முற்பகுதியோடு நின்றுபோயிற்று. அந்தக் கப்பலில்தான், 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் செய்த ஒப்பந்தப்படி, தோட்டத்து ஜனங்கள் பல்லாயிரக்கணக்கில் திரும்பி வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் மறுபடியும் முகாம்.

யாழ்ப்பாணத்துக்கு யுத்தம் ஓய்ந்த பிறகு ஒரு தடவை போயிருந்தேன். பழைய மோட்டார்களுக்கு அந்த ஊரைப் போல் புகலிடம் உலகத்தில் வேறில்லை. ஆஸ்டினும் மாரிஸும் பேரப்பிள்ளை எடுத்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் வாடகைக்கு அமர்த்திய வண்டி ஒரு மாரிஸ் மைனர். அதன் பலகையில் சிங்கள 'ஸ்ரீ' வெள்ளை வெளேரென்று இருந்தது; புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். பக்கத்தில் சந்தனப் பொட்டு. வண்டிக்காரர் எழுபதைத் தாண்டியவர். அந்த எழுத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இது அப்பான்ரை கார், ஐயா. ஐம்பத்தெட்டிலை எடுத்தது. அப்ப அப்பா இந்த எழுத்துக்கு மேலை தமிழிலை சிறீ எழுதி ஒட்டிப்போட்டு ஓடினவர். பொலிஸ் மறிச்சது. தண்டப்பணம் கட்டமாட்டன், மறியலுக்குப் போறன் எண்டு நிண்டவர்."

"போனாரா?"

"எங்கை போறது? அம்மா பின்வழியாலை போய்க் காசைக் கட்டிப்போட்டு வந்திட்டா. அப்பா ஒரு மாதம் அம்மாவோடை கதைக்கேல்லை."

பழந்துணியால் பலகையைத் துடைத்தார். பொட்டில் படாமல் ஜாக்கிரதையாகத் துடைத்தார்.

"இப்ப கொழும்பிலை இருந்து ஆக்கள் வந்து விலைக்குக் கேக்கினம், ஐயா. சிறீ நம்பர் எண்டால் அவையளுக்குப் பெரிய ஆசை. நான் குடுக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.